தெரிந்த முகத்திடம் பெயர் கேட்பது

"டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றாள் நீது.

நான் எழுந்து நின்றேன்.

எழுந்து நிற்க வேண்டாம் என்று அவளும் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் உன்னைப் பற்றிச் சொல் என்று யாராவது கேட்டால் என் கால்கள் தாமாகவே நிமிர்ந்துவிடும். ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்னால் நின்றுதானே சாட்சி சொல்லிப் பழக்கம்.

"இரியுங்க சேச்சி. இருந்துகிட்டே சொன்னா மதி." உட்கார்ந்துகொண்டே சொன்னால் போதுமாம்.

இருந்தேன். ஐ ஆம் ஜீனா என்று தொடங்கினேன். அதற்குமேல் நான் யார் என்பது எனக்கே மறந்துபோயிற்று. கீழே பேக்கரியில் பப்ஸ் வேகும் வாசம் மாடிக்கு ஏறி வந்தது. காலை ஆறரை மணிக்குப் பாறசாலையில் லேபைத் திறந்து, வெறும் வயிற்றோடு வந்த நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்து, மாலை வரை மெஷின் முன்னால் நின்று, பஸ் ஏறி அமரவிளையில் இறங்கி, இந்தப் பதினெட்டுப் படியையும் ஏறி வந்தவளிடம் உன்னைப் பற்றிச் சொல் என்றால் என்ன சொல்வாள்? கால் வலிக்கிறது என்பாள். அதை இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் அது சரியான பதில் இல்லையாம்.

பதினேழு வருடமாக நான் வேலை பார்த்த லேபை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. பெயர்ப்பலகை மாறும், மெஷின் மாறும், ஆளும் மாறும் என்று கடிதம் வந்தது. டெக்னீஷியன்கள் நாங்கள் இரண்டு பேர், நானும் ஸ்ரீகலாவும். இனி ஒருவர் போதுமாம். அந்த ஒருவர் யார் என்பதை வீடியோவில் இன்டர்வியூ வைத்து முடிவு செய்வார்களாம், அதுவும் இங்கிலீஷில். நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நானே மனுப் போட வேண்டும். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

எனக்கு நாற்பத்தொரு வயது. மகளுக்கு நர்சிங் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. என் கணவர் சஜுவுக்கு முதுகுத் தேய்மானம். ஆட்டோவை அரைநாள் ஓட்டினால் அரைநாள் படுத்துக் கிடக்கிறார். இந்த நாற்காலி போனால் நாற்பத்தொன்றில் எனக்கு வேறு யார் நாற்காலி போடப் போகிறார்கள்? அதனால்தான் நீதுவிடம் வந்து சேர்ந்தேன். அவளுக்கு இருபத்துநான்கு வயது. எம்பிஏ படித்தவள். இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது, ஆபீசில் பத்துப் பேரோடு எப்படி ஒத்துப்போவது என்றெல்லாம் ஊருக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அவளே பதினோரு இன்டர்வியூவுக்குப் போய் வந்தவள், ஒன்றிலும் எடுக்கவில்லை. அதை மறைக்காமல் முதல் நாளே சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அதனால்தான்.

"சேச்சிக்க பிரச்சினை இங்கிலீஷ் இல்ல" என்றாள் ஐந்தாம் நாள். "சேச்சி கெட்டதையாக்கும் முதல்ல சொல்லுதீங்க."

உண்மைதான். எங்கள் சபையில் சாட்சிக்கு ஒரு நடை உண்டு. நான் எவ்வளவு கெட்டவளாயிருந்தேன் என்பதில் தொடங்க வேண்டும். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்ல சாட்சி. கடைசியில்தான் கர்த்தர் வந்து கைதூக்குவார். விழுந்ததற்குப் பத்து நிமிடம், எழுந்ததற்கு ஒரு நிமிடம். மாற்றி, 'நான் இதை நன்றாகச் செய்தேன்' என்று எவளாவது தொடங்கினால் அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் அவளுடைய பெருமைக்காகத் தனியாக ஜெபம் நடக்கும். பத்து வயதிலிருந்து இப்படி நின்று பேசியவளுக்கு, என் பலம் இது, என் சாதனை இது என்று சொல்ல நாக்கு கூசுகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நீது விடவில்லை. தப்பைப் பற்றி ஒரு வரி, அதைத் திருத்தியதைப் பற்றி ஐந்து வரி என்று கணக்குச் சொன்னாள். நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்று கட்டாயம் கேட்பார்களாம். கூட வேலை செய்பவரோடு சேர்ந்து சாதித்த ஒன்றையும் கேட்பார்களாம். இரண்டுக்கும் ஒவ்வொரு சம்பவம் தயாராக வைத்திருக்க வேண்டுமாம்.

என்னிடம் இருந்தது ஒரே சம்பவம்தான். ஸ்ரீகலாவிடம் இருந்ததும் அதே சம்பவம்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. கல்லுவிளை என்ற வீட்டில் அண்ணன் மனைவி பெயரும் விஜயம்மா, தம்பி மனைவி பெயரும் விஜயம்மா. ஊரில் பெரிய விஜயம்மா, சின்ன விஜயம்மா என்பார்கள். பெரியவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை உண்டு. சின்னவருக்கு ஒரு நோயும் கிடையாது. துணைக்கு வந்த இடத்தில் நானும் பார்த்துக்கொள்கிறேனே என்று அன்று அவரும் கை நீட்டினார். இரண்டு பேரும் எங்கள் சபைதான். ஞாயிறுதோறும் எனக்கு முன்வரிசையில் இருப்பவர்கள். அவர்களிடம் போய் உங்கள் பெயர் என்ன என்று கேட்க முடியுமா? எங்கள் பக்கத்தில் தெரிந்த முகத்திடம் பெயர் கேட்டால் அது அவமரியாதை. செத்தாலும் மறக்க மாட்டார்கள். அதனால் நான் கேட்கவில்லை. பெரியவர் இருக்கும் இடத்தில் சின்னவர் முந்த மாட்டார் என்ற நம்பிக்கையில் முதல் ட்யூபில் பெரியவர் ஸ்டிக்கரை ஒட்டினேன். அன்றைக்கென்று பெரியவர் பாத்ரூமுக்குப் போயிருக்க, வரிசை போய்விடுமே என்று சின்னவர் முதலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் கையைப் பார்த்தேன், நரம்பைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

ரிசல்ட் இரண்டும் மாறிப் போயிற்று. சர்க்கரைக்காரருக்குத் தொண்ணூற்றெட்டு, நோயில்லாதவருக்கு முந்நூற்றுப் பத்து. பெரியவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ப் பாயசம் குடித்தார். சின்னவர் அழுதுகொண்டே வெள்ளறடையில் மகள் வீட்டுக்குப் போய், அங்கே ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிவிட்டார்.

ரெஜிஸ்டரில் பெரியவர் பெயருக்கு நேரே எழுதும்போது ஸ்ரீகலாதான் நிறுத்தினாள். "அக்கா, போன மாசம் இவிய இருநூத்தி எண்பத்தாறு. இந்த மாசம் எப்படி தொண்ணூத்தெட்டு?" என்றாள். இரண்டு விஜயம்மா பெயரும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்ததும் ட்யூப் மாறியது எனக்குப் புரிந்துவிட்டது. சின்னவருக்குப் போன் அடித்தோம், எடுக்கவில்லை; மகள் வீட்டுக்குப் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள். சஜு முதுகுவலியோடு ஆட்டோவை எடுத்தார். வெள்ளறடையில் அந்த வீட்டுக்குள் நான் செருப்போடு ஓடியபோது சின்ன விஜயம்மா ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீர் டம்ளருமாக நின்றுகொண்டிருந்தார். மாத்திரையைப் பிடுங்கினேன். பிறகு இரண்டு வீட்டு வாசலிலும் நின்று, தப்பு என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் நான் ஒரு சட்டம் போட்டேன். எவ்வளவு தெரிந்த முகமானாலும் சரி, பெயர், வீட்டுப்பெயர், அம்மா பெயர் மூன்றையும் அவர்கள் வாயாலேயே சொன்ன பிறகுதான் ஊசி. ஊர் சும்மா இருக்குமா? எங்கள் போதகர் முகம் சிவந்துபோனார். என் சொந்த மாமியார், "எனக்க பேரு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதம் பேசவில்லை. நான் இறங்கி வரவில்லை, ஸ்ரீகலாவும் இறங்கி வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் ஒரு ட்யூப்கூட மாறவில்லை.

இந்தச் சம்பவத்தை யார் சொல்வது என்பதுதான் இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே கிடந்தது. ஸ்ரீகலாவுக்கு முப்பத்தாறு வயது. சர்க்கார் ஆபீசில் கிளார்க்குகளாக இருந்த சைவப் பிள்ளைமார் குடும்பம். இங்கிலீஷ் அவளுக்கு வீட்டில் கிடந்த பாத்திரம். எனக்குக் கடையில் பார்த்த பாத்திரம். ட்யூப்களை மெஷினில் சுற்றவிட்டுவிட்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பழகினோம். ஒருநாள் மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே அவள் சொன்னாள்:

"அக்கா, விஜயம்மா கதையை நீங்க எடுத்துக்கிடுங்க. தப்பும் உங்களுக்க, சட்டமும் உங்களுக்க. நான் மெஷின் கேடானதைச் சொல்லிக்கிடுவேன்."

"கண்டுபிடிச்சது நீயல்லியா?"

"கண்டுபிடிச்சது ஒரு நிமிஷம். நீங்கதானே வெள்ளறடைக்கு ஓடுனீங்க."

அவளுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மருந்து வேண்டும். இருந்தும் கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

இன்டர்வியூ அன்று டெஸ்டுக்கான ரீஏஜென்ட் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் அறையில் ஒரு லேப்டாப்பை வைத்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், முதலில் நான். திரையில் மூன்று முகங்கள் இருந்தன. நடுவில் இருந்த அம்மாள் காதில் மாட்டியிருந்த கருவியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். நல்லவராகத்தான் தெரிந்தார். சாதாரண கேள்விகளுக்குத் தட்டுத் தடுமாறிப் பதில் சொல்லிவிட்டேன். பிறகு அவர், நீங்கள் வேலையில் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்றார்.

என் கால்கள் நிமிர்ந்தன. நான் எழுந்துவிட்டேன். திரையில் என் தலை மறைந்து வயிறு மட்டும் தெரிந்தது. திரும்ப உட்கார்ந்தேன். அதோடு நீது சொன்ன ஒரு வரியும் ஐந்து வரியும் போயே போய்விட்டன. சர், மேடம், நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன் என்று தொடங்கினேன். இரண்டு விஜயம்மாக்களைச் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் ஸ்டிக்கர் ஒட்டியதைச் சொன்னேன். சின்னவர் அழுததை, பெரியவர் பாயசம் குடித்ததை, மாத்திரை உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, அன்று இரவு நான் தூங்காததை எல்லாம் சொன்னேன். இங்கிலீஷ் எங்கிருந்தோ வந்து கொட்டியது. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் இங்கிலீஷ் பேசியதில்லை. குழியைத் தோண்டித் தோண்டி அடிமட்டத்துக்குப் போய், இனி மேலே ஏற வேண்டும் என்று மூச்செடுத்தபோது அந்த அம்மாள், தேங்க்யூ ஜீனா, நேரம் முடிந்தது என்றார்.

மேடம், இன்னும் ஒரு நிமிடம், சட்டத்தைச் சொல்லவில்லை என்றேன். அதற்குள் என் மைக்கை நிறுத்திவிட்டார்கள். வாயசைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து ப்ளைவுட் மறைப்பை ஒட்டிக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்ரீகலா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாச்சுக்கா?"

"பாதியில நிறுத்திட்டாவ மக்கா. தப்பு மட்டும்தான் சொன்னேன். நீ போ."

அவள் உள்ளே போனாள். மறைப்பு மெல்லியது, எல்லாம் கேட்டது. மூன்றாவது கேள்வியிலேயே அந்த அம்மாள் கேட்டுவிட்டார். உங்களோடு வேலை செய்பவர் ஒரு சம்பவம் சொன்னார், அப்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று. நான் மறைப்பில் காதை வைத்தேன். ஆம், ரத்தம் மாற்றிவிட்டாள், நான்தான் பிடித்தேன் என்று அவள் சொன்னால் போதும். அதில் ஒரு பொய்யும் இல்லை. நாற்காலி அவளுக்கு.

அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். நான் வெள்ளறடைக்கு ஓடியதை, இரண்டு வாசலில் நின்றதை, மறுநாள் போட்ட சட்டத்தை, போதகரிடமே பெயர் கேட்டதை, மூன்று வருடத்தில் ஒன்றும் மாறாததை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஜீனா, ஜீனா என்று என் பெயர்தான் மறுபடி மறுபடி கேட்டது. மெஷின் கேடான கதைக்கு அவளுக்கு நேரமே இருக்கவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். என்னைப் பற்றி நல்லதாக யாரும் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

அவள் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். போதகர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஞான் ஆரெந்நு அறியில்லே?" என்று, தன்னை யாரென்று தெரியாதா என மலையாளத்தில் கத்தியதையும் சொன்னாயா என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. வேலை ஸ்ரீகலாவுக்கு.

எனக்கு வந்த கடிதத்தில் என் விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். அவளைப் போனில் கூப்பிட்டுக் காரணமும் சொன்னார்களாம். கூட வேலை செய்பவரை உயர்த்திப் பேசுகிற குணம் எங்களுக்கு முக்கியம், டீம்வொர்க்கில் நீங்கள்தான் முதல் என்று. என்னுடைய சட்டத்தை அவள் வாயால் சொன்னதற்கு அவளுக்கு மார்க். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல்தான் வந்தது, வேறு யார் மேல் வரும்? அந்த மூன்று முகங்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஸ்ரீகலா, அன்னைக்கு நீ எனக்காகவா சொன்னே, உனக்காகவா?"

அவள் ட்யூப் ஸ்டாண்டைக் கீழே வைத்தாள்.

"முதல்ல உங்களுக்காகத்தான்க்கா. சத்தியம். பாதியில அந்த அம்மா தலையாட்டத் தொடங்கினா. அதுக்குப் பொறவு..." என்று நிறுத்தினாள். "அதுக்குப் பொறவு ஆருக்காகச் சொன்னேன்னு எனக்கே தெரியல்ல."

பொய் சொல்லியிருந்தால் கோபத்தை வைத்துக்கொண்டிருப்பேன். இப்போது அதுவும் இல்லாமல் போயிற்று. களைப்புதான் மிஞ்சியது.

நீதுவிடம் போய்ச் சொன்னேன். பன்னிரண்டாவது இன்டர்வியூவுக்கும் அவள் போய் வந்துவிட்டாள். அதுவும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் கீழே இறங்கிப் பேக்கரியில் ஆளுக்கொரு சாயா குடித்தோம்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. வழக்கம்போல ஆறரைக்குத் திறந்தேன். எட்டு மணிக்குப் பெரிய விஜயம்மா மாமி வந்து நாற்காலியில் உட்கார்ந்து சேலையைத் தோளுக்கு ஏற்றினார். மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும், "என்னை உனக்குத் தெரியாதாக்கும்?" என்று சடைத்துக்கொண்டே சொல்பவர், அன்றைக்கு நான் கேட்கும் முன்பே ஒப்பித்தார்.

"பேரு விஜயம்மா. வீடு கல்லுவிளை. அம்மை பேரு ஞானம்மாள். மதியா?"

"மதி மாமி."

நரம்பைத் தேடும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "நாளையிலேருந்து நீ இல்லியாமே. உள்ளதா?"

"உள்ளதுதான். இன்டர்வியூவில தோத்துப்போனேன்."

"பதினேழு வருஷம் இங்கின நிக்குதியே பிள்ளே. உன்னை அவியளுக்குத் தெரியாதா? பின்ன என்னத்துக்குக் கேள்வி கேட்டாவ?"

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"தெரிஞ்ச முகமானாலும் கேக்கணும் மாமி. அது நான் வச்ச சட்டமாக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அடுத்த மேசையில் ஸ்ரீகலா எழுதுவதை நிறுத்தினாள். மாமி சிரிக்கவில்லை. கையை மடக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீ கேட்டே, நானும் சொன்னேன். அதுக்குப் பொறவு நீ என்னை எழும்பிப் போன்னு சொன்னதில்லியே மக்கா."

ட்யூபில் ஸ்டிக்கரை ஒட்டி, எழுத்தை இரண்டு தடவை சரிபார்த்து ஸ்டாண்டில் வைத்தேன். வெளியே இன்னும் முப்பது பேர் வெறும் வயிற்றோடு நின்றிருந்தார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். தெரிந்த முகம்தான். பெயரைக் கேட்டேன்.